மருமகனின் வதிவிடம்

கல்முனை
18.09.2023

அன்புள்ள மருமகன் றிபாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமாவும் மகள் றிப்னாவும் நல்ல சுகம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதா, இருமல் விட்டதா என்று அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் மாமி எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பீர்கள். கொரியரில் கடதாசிகள் வரத்தானே போகின்றன, அதோடு இதுவும் வரட்டும். போனில் கதைக்க எனக்கு வெட்கம். காவின் எழுதிக் கலியாணம் முடித்து ஏழு மாதம் இந்த வீட்டில் இருந்தீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே நான் ஒரு வார்த்தை கதைத்திருப்பேனா? குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "றிப்னா, மருமகன் சாப்பிட்டாரா எண்டு கேளு புள்ள" என்பேன். நீங்கள் மேசையில் இருந்து, "சாப்பிட்டுக்கிட்டுத்தான் இரிக்கன் எண்டு சொல்லு" என்பீர்கள். அவள் நடுவில் நின்று சிரிப்பாள். என் உம்மாவும் உங்கள் மாமாவோடு அப்படித்தான் இருந்தா. அது மரியாதை. எழுதுவதில் அந்தக் கஷ்டம் இல்லை. கடதாசியும் ஒரு கதவு மாதிரித்தான்.

றிப்னாவின் விசாவுக்கு நீங்கள் கேட்ட இரண்டும் இதில் இருக்கின்றன. றிப்னாவின் பிறப்புச் சான்றிதழ், காவின் பதிவு. இரண்டையும் பாண்டிருப்பு வசந்தினி இங்கிலீசில் மொழிபெயர்த்து முத்திரை குத்தித் தந்தா. மூன்றாவதாக நானே ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். கிராம சேவகரிடம் எடுத்த வதிவிடச் சான்றிதழ். அதையும் மொழிபெயர்த்தாயிற்று. அவர்கள் கேட்காவிட்டாலும் இருக்கட்டுமே, கடதாசி கூடினால் குறைவா? எல்லாவற்றையும் விசாக் கந்தோரில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்ட யோசிக்கிறேன். வெளியில் போய்வர உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். மேசன் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடவும்.

துஆவுடன்,
மாமி றம்ஸியா

*

கொலம்பஸ், ஒஹாயோ
08.10.2023

கண்ணியமிக்க மாமிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் துஆவால் சுகமாக இருக்கிறேன். இருமல் விட்டுவிட்டது. மாமாவின் முழங்கால் வலி எப்படி?

உங்கள் கடிதத்தைக் கண்டு முதலில் பயந்துவிட்டேன். மாமி எழுதுவதென்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வாசித்த பிறகு சிரிப்பு. நீங்கள் இவ்வளவு கதைப்பீர்கள் என்று ஏழு மாதமும் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

கடதாசிகளை எல்லாம் அனுப்பிவிட்டேன். நீங்கள் சேர்த்த மூன்றாவதையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே சேர்த்தேன். மாமி வைத்தால் காரணம் இருக்கும்.

இனி முக்கியமானது என் பக்கத்துப் படிவம். நான் இந்த நாட்டுப் பிரஜை. றிப்னாவை இங்கே குடியேற்ற வேண்டுமென்றால் அவளுடைய சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் என் பொறுப்பு, அவளை ஒரு நாளும் அரசாங்கத்தின் வாசலில் நிற்க விடமாட்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள். சம்பளச் சிட்டை, வருமான வரிக் கணக்கு, முதலாளியின் கடிதம் எல்லாம் வேண்டும். போன வருஷம் கடைசி ஐந்து மாதமும் உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டு அங்கே இருந்ததால் வரிக் கணக்கில் வருமானம் மெலிந்து கிடக்கிறது; நான் மட்டும் கொழுத்துவிட்டேன். ஆனால் பயமில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இந்தத் தொழிற்சாலையில் இப்போது இயந்திரங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. இந்த வருஷச் சம்பளம் தாராளமாகப் போதுமாம்.

பல கேள்விகளுக்கு மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒன்றுக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. உங்கள் நிரந்தர வதிவிடம் எங்கே என்று கேட்டிருந்தது. இங்கே நான் இருப்பது கூட்டாளிகளோடு ஒரு வாடகை அறை. சாய்ந்தமருதில் நான் பிறந்த வீடு கூடப் பிறந்த ராத்தாவுக்குக் கொடுத்தாயிற்று. காவின் எழுதிய ஆம்பிளைக்குப் பெண்சாதி வீடுதானே வீடு? நம் வீட்டு விலாசத்தை எழுதினேன். நாடு, இலங்கை.

பாத்ரூமுக்கு அவசரம் என்ன மாமி? அந்தக் காசை வைத்துக்கொண்டு மாமாவின் காலைக் காட்டுங்கள்.

ஸலாத்துடன்,
றிபாஸ்

*

கல்முனை
29.10.2023

அன்புள்ள மருமகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை பிடித்துக்கொண்டது. மாமா இறக்காமத்து வயலில் விதைப்பு வேலையாக நிற்கிறார். கால் வலி வீட்டில்தான், வயலுக்குப் போனால் இல்லை. எல்லோரும் சுகம்.

"நம் வீட்டு விலாசத்தை எழுதினேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதை எனக்கு ஒரு தரம் வாசித்தேன், மாமாவுக்கு ஒரு தரம் சத்தமாக வாசித்தேன், பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி றிப்னாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் முகத்தை மறைத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். பத்து வருஷம் வெளிநாட்டில் கிடந்தவர், நம் வழக்கமெல்லாம் மறந்திருப்பார் என்று கலியாணத்துக்கு முதல் சிலர் என் காதில் ஓதினார்கள். அவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டலாமா என்று பார்க்கிறேன்.

கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்பதாக எழுதியது நல்ல விசயம். நம்மிடம் அதைப் பள்ளிவாசலில் கையைப் பிடித்துச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்கள் சம்பளச் சிட்டையும் கேட்கிறார்கள். கேட்கட்டும். பெண்ணைக் கொடுக்கிறவர்கள் விசாரிக்கத்தானே வேண்டும்? ஆனால் கொடுக்கிறது நாங்கள், விசாரிக்கிறது அவர்கள். அதுதான் விளங்கவில்லை.

பாத்ரூமுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. "அங்க போகப்போற புள்ளைக்கி இங்க என்னத்துக்கு பாத்ரூம்?" என்று மாமா கேட்டார். ஆம்பிளைகளுக்கு என்ன தெரியும்! மாபிள் வெள்ளையா, பச்சையா என்று றிப்னாவைக் கேட்டால், "உங்கட விருப்பம் உம்மா" என்கிறாள். உங்களுக்கு எது விருப்பம்?

துஆவுடன்,
மாமி

*

கொலம்பஸ்
10.01.2024

கண்ணியமிக்க மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவு நாளும் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது வரவில்லை.

நான் யோசிக்காமல் பதில் எழுதிய அந்த ஒரு கேள்விதான் கழுத்தை அறுத்துவிட்டது. பொறுப்பேற்கிறவர் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டுமாம். என் வீடு இலங்கையில் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிறகு எப்படி உன் மனைவிக்கு இங்கே பொறுப்பேற்பாய் என்று கேட்டு எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பலாம் என்று பார்த்தால், அங்கே உங்கள் மூன்றாவது கடதாசி நிற்கிறது. அன்றுதான் அதை வாசித்தேன். வீட்டில் வசிப்போர் நான்கு பேர். குடும்பத் தலைவர், றிபாஸ். மாமி, என்னைக் குடும்பத் தலைவராக்கிவிட்டு எனக்கே சொல்லவில்லையே! இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி இரண்டு கடதாசியும் ஒன்றையே சொல்கின்றன.

இங்கே பள்ளிவாசலில் நைனா என்று ஒருவர் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், இந்தப் படிவங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். பார்த்துவிட்டு, "என்ன பாய், வீட்டோட மாப்பிள்ளையா நீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய ஊரில் அது கேலிப் பேச்சாம். "எங்கட ஊரில எல்லாரும் அப்படித்தான்" என்றேன். "எல்லாருமா?" என்று வாயைப் பிளந்தார்.

அவர் சொன்ன வழி இது. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம் எல்லாம் நான் கொடுக்கிறேன். அதோடு வீட்டுக்காரரான நீங்களும் ஒரு கடிதம் எழுதி, சமாதான நீதவான் ஜே.பி. முன்னிலையில் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். வாசகத்தை அவரே எழுதித் தந்தார்: "றிபாஸ் எங்கள் வீட்டில் விருந்தாளியாகவே தங்கினார். இது அவருடைய வீடு அல்ல. குடும்பத் தலைவர் என்று குறிப்பிட்டது தவறு."

இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஆனால் இது வராவிட்டால் றிப்னாவின் பயணம் இந்த இடத்திலேயே நிற்கும்.

மன்னிப்புக் கேட்கும்,
றிபாஸ்

*

கல்முனை
05.02.2024

அன்புள்ள மருமகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எப்போதும் துஆச் செய்கிறேன்.

இறக்காமத்தில் யானை இறங்கிவிட்டது. கதிர் முற்றுகிற நேரம் பார்த்து வருகிற யானைக்கு யார்தான் கலண்டர் கொடுத்தார்களோ தெரியவில்லை. மாமா காவலுக்குப் போய்த் தகரத்தை அடித்து அடித்து வலது கை வீங்கி வந்திருக்கிறார். நம் வயலில் ஒரு மூலைதான் போனது. பக்கத்து வயலில் பாதி. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவும் ஒரு மாதிரி இருக்கிறது.

மாபிள் வெள்ளையே போட்டாயிற்று. பச்சை, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று மேசன் சொன்னார். சுடுதண்ணீர்க் குழாயும் வைத்திருக்கிறேன், அந்த நாட்டுப் பழக்கத்துக்கு உங்களுக்குத் தேவைப்படும். கதவுதான் மிச்சம். மரவேலை செய்கிற ஓடாவி நாளைக்கு, நாளைக்கு என்று இழுக்கிறார்.

கடலில் இப்போது கீரி மீன் நல்ல மலிவு. றிப்னா பொரித்து வைத்துவிட்டு, "மச்சானுக்கு இது விருப்பம்" என்றாள். ஒன்றுதான் சாப்பிட்டாள்.

நீங்கள் அனுப்பிய கடதாசி கிடைத்தது.

துஆவுடன்,
மாமி

*

கல்முனை
20.02.2024

அன்பு மச்சான்,

ஸலாம். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் கதைக்கும்போது உம்மா பக்கத்திலேயே இருப்பதால் இதைச் சொல்ல ஏலவில்லை. அதுதான் உங்கள் மாமியைப் பார்த்து நானும் எழுதுகிறேன்.

அந்த வாசகத்தை உம்மா அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறா. எடுத்து வாசிப்பா, திரும்ப வைப்பா. ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். அதற்கு உம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விருந்தாளி எண்டா சோத்தப் போட்டு வழியனுப்புற ஆள். என்ட மருமகன விருந்தாளி எண்டு நானே எழுதி, அதில ஜே.பி. சீலும் குத்தவா? ஊரில கேட்டா சிரிக்கமாட்டாங்களா?" என்றா. கடதாசியைத் திரும்பவும் சேலைக்கு அடியில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னா. "இது அவர்ட வீடு இல்ல எண்டு நான் கையெழுத்து வெச்சா, நாளைக்கி நீ எந்த வீட்டுக்கு வருவாய் புள்ள?"

அதுதான் மச்சான் விசயம். சொல்லைப் பற்றிய கோபமில்லை. ஊரில் பெண் பிள்ளையைப் பெற்ற உம்மாமாருக்குப் பிள்ளை வீட்டை விட்டுப் போகும் என்ற நினைப்பே இல்லையே. கலியாணம் முடித்தால் வீட்டுக்கு ஒரு ஆள் கூடும், குறையாது. உம்மா ஒரு நாளும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. பாத்ரூமைக் காட்டுகிறா.

எனக்கு உங்களோடு இருக்க வேண்டும். போன வருஷம் விமான நிலையத்தில் இருந்து திரும்பியதிலிருந்து எனக்கு வேறு எண்ணமே இல்லை. அதற்காக உம்மாவை அழவைத்துவிட்டு வரவும் ஏலாது. இரண்டும் உண்மை. நீங்கள் உம்மாவை நெருக்க வேண்டாம். ஆனால் எழுதுங்கள்.

உங்கள்,
றிப்னா

*

கொலம்பஸ்
09.03.2024

கண்ணியமிக்க மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அல்லாஹ் நீடிக்கச் செய்வானாக. மாமாவின் கை வீக்கம் வற்றியதா? பிறை பார்க்க இன்னும் இரண்டு நாள்தானே. நோன்புக்கு என் வாழ்த்துகள்.

அந்தக் கடிதத்தை அனுப்புங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. உங்களுக்கு மனமில்லையென்றால் வேண்டாம். நைனாவின் வாசகத்தைக் கிழித்துப் போடுங்கள்.

நான் வந்துவிடுகிறேன் மாமி. விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் வழக்கப்படி அதுதான் முறை. ஆம்பிளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும், பெண்ணை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இந்த வேலையை விட்டால் கல்முனையில் துணி வெளுக்கும் இயந்திரத்துக்கு ஆள் எடுக்கமாட்டார்கள் என்பது தெரியும். மாமாவோடு வயலுக்குப் போவேன். யானை என்னைப் பார்த்துப் பயப்படாது, நான் பயந்து கத்துகிற சத்தத்துக்காவது ஓடும்.

இங்கே பத்து வருஷமாகக் கட்டியதையெல்லாம் விட்டுவிட்டு வருவது லேசு என்று பொய் சொல்லமாட்டேன். கஷ்டம்தான். ஆனால் றிப்னா இல்லாமல் இங்கே இருப்பது அதைவிடக் கஷ்டம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்வது உங்களுக்கு விருப்பம்? நீங்கள் சொல்வதைச் செய்வேன்.

வெள்ளை மாபிள் நல்ல தெரிவு.

ஸலாத்துடன்,
றிபாஸ்

*

கல்முனை
30.03.2024

அன்புள்ள மருமகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடி போகிறது. நீங்கள் தனியே சமைத்து நோன்பு பிடிக்கிறீர்கள் என்பதை நினைத்தால் கஞ்சிக் கோப்பையைப் பாதியிலேயே வைத்துவிடுகிறேன்.

எனக்கு என்ன விருப்பம் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால், நீங்கள் வருவதுதான் விருப்பம். உங்கள் கடிதத்தை வாசித்ததும், "வாங்க" என்று அன்றைக்கே எழுதக் கடதாசியும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் நோன்பு திறக்கும்போது உங்களுக்குக் காலை. நீங்கள் திறக்கும்போது எங்களுக்கு மறுநாள் சுபஹு முடிந்திருக்கும். றிப்னா தொழுதுவிட்டுப் படுக்கமாட்டாள். போனைக் குசினிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, நீங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். நீங்கள் தண்ணீர் குடித்தால் இவளுக்குத் தாகம் தீர்ந்த மாதிரி ஒரு முகம். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்குத்தான் அந்த இடம் பழக்கமாயிற்றே. அவளுக்கு வெள்ளை மாபிள் போட்டு, சுடுதண்ணீர் வைத்து, வீட்டைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவள் குடியிருப்பது அந்தப் போனுக்குள். அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது.

அன்று மாமாவிடம் சொல்லி அழுதேன். அந்த மனிசன் முப்பது வருஷத்தில் என்னிடம் நீட்டி நாலு வார்த்தை கதைத்ததில்லை. அன்றைக்குக் கதைத்தார்.

"நானும் இந்த வீட்டுக்கு வந்த மருமகன்தான். காவின் முடிஞ்சி நான் இங்க வந்த அண்டு என்ட உம்மா ரெண்டு நாள் அடுப்பு மூட்டல்ல. றிபாஸ்ட உம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பா. ஆம்பிளப் புள்ளயப் பெத்தவ எல்லாரும் குடுத்துட்டுத்தான் இரிக்காங்க. அந்த முறை இப்பதான் உனக்கு வந்திரிக்கி."

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த சந்தோசத்தில், சாய்ந்தமருதில் ஒரு உம்மா உங்கள் பாயைச் சுருட்டி வைத்திருப்பா என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆகையால் நீங்கள் வர வேண்டாம். மகள் வருவாள். கடிதம் எழுதி, ஜே.பி. முன்னால் கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஆனால் நைனாவின் வாசகம் அல்ல. என் வாசகம். வசந்தினி மொழிபெயர்க்கும்போது, "இத இங்கிலீசில எப்படிக்கா எழுதுற? எங்கட அவருக்கும் என்ட வீடுதான் வீடு, அதுக்கு அங்க சொல்லே இல்ல" என்று தலையில் கை வைத்தா. பிறகு ஒரு வழியாக எழுதித் தந்தா. தமிழில் நான் எழுதியது இது:

"கல்முனையில் இருக்கும் இந்த வீடு என் மகள் றிப்னாவுக்குக் கொடுத்தது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்போம், மருமகன் அங்கே வந்து இருப்பார். அந்த வழக்கப்படி றிபாஸ் கலியாணம் முடித்து ஏழு மாதம் இங்கே இருந்தார். விருந்தாளியாக அல்ல, மகனாக. அவரைக் குடும்பத் தலைவர் என்று எழுதச் சொன்னது நான். அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. அது என் ஆசை, விபரம் அல்ல. விபரம் என்னவென்றால், அவர் தொழில் செய்வதும் வசிப்பதும் அமெரிக்காவில். என் மகள் வசிக்க வேண்டியதும் அவரோடுதான். இதை என் முழுச் சம்மதத்தோடு எழுதுகிறேன்."

பிழை இருந்தால் நைனா திருத்தட்டும். ஆனால் மகன் என்ற சொல்லில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

துஆவுடன்,
மாமி

*

கொலம்பஸ்
02.11.2024

கண்ணியமிக்க மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மகளும் நல்ல சுகம். "உங்கள் மகளும்" என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்த மேசையில்தான் இருக்கிறாள், நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

நைனா உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படி ஒரு மாமியாருக்கு நானும் வீட்டோட மாப்பிள்ளையா போயிருப்பேன் பாய்" என்றார். கொழும்பில் விசா நேர்முகத்தில் அந்த அதிகாரியும் இதை எடுத்து வாசித்துவிட்டு, "இது உன் தாய் எழுதியதா?" என்று றிப்னாவைக் கேட்டாராம். ஓம் என்றாளாம். அவர் சிரித்துவிட்டு, அதற்குப் பிறகு என் சம்பளத்தைப் பற்றி இரண்டு கேள்வியோடு முடித்துக்கொண்டாராம். இதையெல்லாம் றிப்னா போனில் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கூட்டாளிகளோடு இருந்த அறையை விட்டு, மாடியில் சின்னதாக ஒரு தனி வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் முதல் பெயர் றிப்னாவுடையது, என்னுடையது அதற்குக் கீழே. கீழ்த்தளத்துத் தபால் பெட்டியில் அவள் பெயர் மட்டும்தான். அதைப் பார்த்து நைனா, "நீங்க திருந்தவே மாட்டீங்களா பாய்?" என்றார். ஆக, மாமி, நான் இங்கேயும் பெண்சாதி வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

அடுத்த வருஷம் நீங்களும் மாமாவும் வந்து பார்க்க வேண்டும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக் குசினிக்குக் கதவு இல்லை. நிற்பதற்கு மறைப்பு ஒன்றுமே கிடையாது. யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸலாத்துடன்,
றிபாஸ்

*

கல்முனை
17.11.2024

அன்புள்ள மருமகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமாவும் சுகம். வீடு பெரிதாகத் தெரிகிறது. இரண்டு பேருக்குச் சமைக்கக் கை பழகவில்லை, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. முதல் வாரம் அழுதேன். இப்போது இல்லை என்று சொல்லமாட்டேன், குறைவு.

கையெழுத்து வைத்த பிறகு பொய்க்காரியாக இருக்கக் கூடாது என்று கிராம சேவகரிடம் போய் வீட்டில் வசிப்போர் இடாப்பைத் திருத்தச் சொன்னேன். குடும்பத் தலைவர், மீராமுகைதீன். "முப்பது வருசத்துக்குப் பொறகு எனக்கும் ஒரு பதவி கிடைச்சிரிக்கி" என்று மாமா நடந்து திரிகிறார். உங்கள் பாத்ரூமில் சுடுதண்ணீரில் குளிப்பதும் அவர்தான். நீங்கள் வந்தால் விட்டுக்கொடுப்பாராம்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை மாமாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. றிப்னாவின் போனுக்கு எடுத்தேன். நீங்கள் எடுத்து, "ஹலோ" என்றீர்கள். நான் பயந்துபோய் வைத்துவிட்டேன். வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று யோசித்தேன். ஜே.பி.க்கு முன்னால் மகன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள், மகனுடைய குரலைக் கேட்டு ஓடலாமா? சேலைத் தலைப்பைத் தலையில் நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் எடுத்தேன். றிப்னா எடுப்பாள் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. நீங்கள்தான் எடுத்தீர்கள்.

அப்போது எனக்கு வாயில் வந்தது அந்த ஒன்றுதான்.

"மருமகன், சாப்பிட்டீங்களா?"

"ஓம் மாமி" என்றீர்கள். உடனே நான் வைத்துவிட்டேன்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். அதை எழுதி அனுப்பவும்.

துஆவுடன்,
மாமி றம்ஸியா